மறுமணம் என்றதும் முதலில் வந்தது ஓய்வூதியக் கணக்கு

எனக்கு 61 வயது. ஊர் திருவையாறு. ஓய்வுபெற்ற ஆசிரியை. அரசு ஊழியராக இருந்த கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது நான் மணந்திருப்பவர் மலேசியாவில் பினாங்குக்காரர். துறைமுக வேலையில் இருந்தவர், அவரும் துணையை இழந்தவர்.

தேவாரம் பயிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் பழக்கம். களிறும் பிடியும், கோழியும் பெடையும் என்று இணை இணையாகக் கண்டு அப்பர் ஐயாற்றில் பாடிய பதிகத்தில் ஏதோ சந்தேகம் கேட்டார். உள்ளூர்க்காரி என்பதால் பதில் சொன்னேன். பிறகு சந்தேகங்கள் பெருகின. பாதி வேண்டுமென்றே கேட்டவை என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்.

அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அவர் இரவுச் சாப்பாட்டை முடித்து அழைக்கும்போது இங்கே விளக்கேற்றும் நேரம். இந்த வயதில் தொலைவு ஒரு வசதி என்றே சொல்வேன். யாருக்கும் சமைத்துப் போட வேண்டியதில்லை, பேச்சு மட்டும்தான். மகளுக்கு அது போதவில்லை. வீடியோவில் அவரைக் குறுக்கு விசாரணை செய்து, ஐ.சி. எனப்படும் மலேசிய அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். சிரித்துக்கொண்டே காட்டினார். அவள் செய்தது சரிதான். அன்பாகப் பேசிப் பணம் பறிக்கிறவர்கள் தனித்து வாழும் பெண்களைத்தான் தேடுகிறார்கள்.

உண்மையான தொல்லை காகிதத்தில் இருந்தது. மறுமணத்தோடு, காலமான கணவருக்காக எனக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். என் சொந்த ஓய்வூதியம் மட்டும் தொடரும். "பதிவு செய்யாமல் சேர்ந்து இருங்களேன்" என்று நலம்விரும்பிகள் சிலர் யோசனை சொன்னார்கள். அப்படியானால் ஆண்டுதோறும் ஓய்வூதியர்களுக்கு நடக்கும் நேர்காணலில், மறுமணம் செய்யவில்லை என்று கையெழுத்திட வேண்டும். பொய் சொல்லாதே என்று காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டியவளுக்கு அது ஆகிற காரியமா?

அடுத்தது வீடு. மகன் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, நான் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளோடு கணவருக்கும் பங்கு உண்டு. அதனால் அவன் பயத்தில் நியாயம் இருந்தது. "முதலில் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவையுங்கள் டீச்சர், கல்யாணம் பிறகு" என்றார் பினாங்குக்காரர். உயிலைப் பதிவு செய்தேன். என் மனம் முழுதாகச் சாய்ந்தது அந்த வார்த்தையில்தான். (இன்றும் நான் டீச்சர்தான், அவர் சார்தான்.)

1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. மணமகள், வயது 61 என்று பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மாவு மில்லில் ஒரு பெண், "பார்த்தேன் டீச்சர்" என்றாள். வாழ்த்தா, கேலியா? வாழ்த்து என்றே வைத்துக்கொண்டேன்.

மணமான பிறகும் ஆளுக்கொரு வீடுதான். இப்போது இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்பதால் போய்வருகிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம்தான். மார்கழிக்கு அவர் இங்கே வந்துவிடுவார். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில். 500க்கும் மேற்பட்ட படிகள்; என் முழங்கால் தாங்குமா என்று அவருக்குக் கவலை. எனக்கு அவர் வைக்கும் சாம்பார்தான் கவலை.