சர்க்கரை உள்ளவர்கள் கண்ணைக் காட்டப் போனபோது நடந்தது: பகிருங்கள்

மணப்பாறை முறுக்கு:
அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஊரில் கண் முகாம் போட்டார்கள், புரை இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூட்டிப் போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பின்பக்கத்து விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு நிற வட்டம், அதற்குள் சிவப்புப் பொட்டுகள், மஞ்சள் திட்டுகள், ஒரு ஓரத்தில் புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக் குழாய்கள். "சர்க்கரை விழித்திரையைக் கெடுத்திருக்கு, இந்த வாரமே லேசர் வைக்கணும்" என்றார். "எல்லா எழுத்தும் தெரியுதேம்மா, எதுக்கு லேசர்?" என்று அப்பா கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. லேசர் வைத்தாயிற்று. இப்போது இருட்டினால் வண்டி எடுக்க முடியவில்லை, பக்கத்தில் வருவது தெரியவில்லை, நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டே என்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

பவானி அக்கா:
மாமியாருக்கு லேசர் இல்லை, ஊசி. விழித்திரை நடுவில் நீர் கோத்துவிட்டது. எதிரே நிற்கிறவரின் முகம் கலங்கலாக இருக்கும், புடவை பார்டர் தெரியும். கண்ணுக்குள் ஊசி என்றதும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டார். மரத்துப்போக மருந்து விட்டு, அயோடின் விட்டு, இமை மூடாமல் கிளிப் போட்டு, ஊசி என்னவோ சில நொடிதான். வெளியே வந்ததும், "கண்ணுக்குள்ள கருப்பா ஒரு உருண்டை மிதக்குதுடி" என்று போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. காற்றுக் குமிழிதான், கரைந்துவிடும் என்றார் நர்ஸ். அப்படியே கரைந்தது. ஒரு ஊசியோடு முடியாது, முதலில் மாதாமாதம் என்றபோதுதான் பணத்துக்குப் பயந்தோம். புற்றுநோய்க்கு வந்த அவாஸ்டின் என்ற மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள், மற்ற ஊசிகளைவிட விலை ரொம்பக் குறைவு, அதையே போட்டோம். சர்க்கரை வந்தால் பாதிப் பேருக்குக் கண் போய்விடுமாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

சந்தேக சிகாமணி:
பாதியெல்லாம் கிடையாது, பீதியைக் கிளப்பாதீர்கள். சென்னையில் 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களைச் சங்கர நேத்ராலயா பரிசோதித்த ஆய்வில் 100க்கு 18 பேருக்குத்தான் விழித்திரை பாதிப்பு. அதிலும் எல்லாருக்கும் பார்வை போகவில்லை. எனக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.4, கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தேன், மாற்றமே இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் மற்றதெல்லாம் வியாபாரம்.

பவர் பார்க்கிறவன்:
சிகாமணி சார், கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற ஆள் நான்தான், அதனால் சொல்கிறேன். பவர் பார்ப்பது வேறு, விழித்திரையைப் பார்ப்பது வேறு. ஒருவர் கண்ணாடி சரியில்லை என்று மறுபடி மறுபடி வந்து சண்டை போட்டார், ஒவ்வொரு தடவையும் வேறு பவர். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஆடும். ரத்தம் சோதித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன், அவ்வளவுதான் என் கதை.

அந்த 18இல் நேற்றுச் சர்க்கரை வந்தவரும் சேர்த்தி. சர்க்கரை வந்து 15 வருடம் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் இன்னும் ரொம்ப அதிகம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஆய்வு வெளியிட்டது. பெருக்கிப் பாருங்கள். வயதான பின் வருகிற இரண்டாம் வகை என்றால் கண்டுபிடித்தவுடனே ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்தே ஆக வேண்டும், கர்ப்பத்தில் விழித்திரை பாதிப்பு வேகமெடுக்கலாம். பிரஷர், சிறுநீரகம் இரண்டையும் சோதிக்காமல் விடாதீர்கள். மருந்து விட்ட அன்று சில மணி நேரம் கண் கூசும், பைக்கில் போகாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும். திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ திரை விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மணப்பாறை தம்பி, லேசர் பார்வையைக் கூட்ட வைப்பதில்லை. புது ரத்தக் குழாய் உடைந்து உள்ளே ரத்தம் கொட்டாமல் இருக்க, விழித்திரையின் ஓரத்தைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். இருட்டுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறைவது அதனால்தான். இதை அப்பாவுக்கு லேசருக்கு முன்னாலேயே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

கரிசல்காட்டுப் பெண்:
கட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறவருக்கு. என் அக்காவுக்குச் சராசரி 13. இன்சுலின் போட்டு, சோற்றைக் குறைத்து, சில மாதத்தில் 7க்கு இறக்கிவிட்டாள், வீடே கொண்டாடியது. ஒரு காலை கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள், "ஒரு புள்ளி நகருதுடி" என்றாள். தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், கை போன பக்கமெல்லாம் அதுவும் போனது. உள்ளே ரத்தக் கசிவு. கடைசியில் அறுவை சிகிச்சை செய்துதான் ரத்தத்தை எடுத்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன விழித்திரை, சர்க்கரை வேகமாக இறங்கும்போது முதலில் இன்னும் மோசமாகலாமாம். நீண்ட நாளில் கட்டுப்பாடுதான் காப்பாற்றும், ஆனால் இறக்குவதற்கு முன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்து எழுதியவர் யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை.

சந்தேக சிகாமணி:
அக்கா விஷயம் வருத்தம்தான். ஆனால் 14ஐயும் 18ஐயும் பெருக்கினால் 100க்கு இரண்டரைப் பேர்தான் வருகிறது. அதைத்தானே நானும் சொன்னேன்?

பவர் பார்க்கிறவன்:
சென்னைக் கணக்கை மாநிலம் முழுக்க நீட்டக் கூடாது, சும்மா ஒரு பேச்சுக்கு நீட்டினாலும் 100க்கு இரண்டரை என்பதே மொத்தத்தில் பத்து லட்சம் பேரைத் தாண்டும் சார். அது இருக்கட்டும், நீங்கள் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தீர்களா இல்லையா?