டெரகோட்டா தரை: கார்டில் க்ரீம், சுவரில் ரோஸ். என்ன நிறம் அடிக்கலாம்?

கேள்வி (மாடிவீடு):
ஹால் 12க்கு 14 அடி. தரை முழுக்கக் கையால் செய்த டெரகோட்டா டைல்ஸ், செங்கல் சிவப்பு, அங்கங்கே கருகல் திட்டு. கிரவுட் (டைல்களுக்கு நடுவே இடைவெளியை அடைக்கும் பூச்சு) சாம்பல். ஒரே ஜன்னல், நேர் வெயில் விழாது. ஷேட் கார்டில் வெண்ணெய் மாதிரி இருந்த க்ரீம், சுவரில் ரோஸ் அடிக்கிறது. அதிலும் இடுப்புக்குக் கீழே அதிகம். தேக்கு சோபா தரையோடு கலந்து கண்ணுக்கே தெரியவில்லை. தரையை மாற்றப்போவதில்லை. சுவருக்கு என்ன நிறம்? நீலம் பொருந்தும் என்கிறார்களே?

பதில் (சுண்ணாம்பு):
அந்த ரோஸ் தரையிலிருந்து வருவது. தரையில் பட்ட வெளிச்சம் ஆரஞ்சாகத் திரும்பிச் சுவரில் விழுகிறது. கீழ்ப்பகுதியில் அதிகம் தெரிவது அதனால்தான். உங்கள் க்ரீமிலும் துளி சிவப்பு இருந்திருக்கும், இரண்டும் சேர்ந்துகொண்டன. லேசாகப் பச்சை தட்டும் ஆஃப் ஒயிட் எடுங்கள், சிவப்பை அடக்கிவிடும். கடையில் 'கொஞ்சம் பச்சையாக இருக்கிறதே' என்று தோன்றுவதுதான் வீட்டில் சரியாக உட்காரும். நீலம் கலந்த பளிச் வெள்ளை வேண்டாம். தரை இன்னும் சிவந்து தெரியும், சுவர் ஆஸ்பத்திரி போலாகும்.

நீலம் ஆரஞ்சுக்கு நேர் எதிர் நிறம், ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். நான்கு சுவரிலும் அடித்தால் அந்த ஹாலில் கண் ஓயாது. சாம்பல் கலந்த மங்கிய நீலமாக, திரைச்சீலை, குஷன் அளவில் நிறுத்துங்கள்.

இந்த முறை கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2 அடி சதுர வெள்ளை அட்டையில் 2 கோட்டு அடித்து, ஓரத்தில் 2 அங்குலம் வெள்ளையாகவே விடுங்கள். சுவரிலேயே தீட்டிப் பார்த்தால் பக்கத்திலிருக்கும் பழைய க்ரீம் கண்ணை ஏமாற்றும். அட்டையைத் தரையில் ஊன்றி ஒருமுறை, கண்மட்டத்தில் ஒருமுறை, காலை, மதியம், இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். பெயின்ட் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பு இருந்தால் தரையின் நிழலே சுவரில் தெரியும்.

பதில் (கொத்துக்கரண்டி):
பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தரைக்கு சீலர் (டைல் ஈரமும் கறையும் குடிக்காமல் காக்கும் பூச்சு) போட்டிருக்கிறதா? நாலைந்து டைலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். 5 நிமிடத்துக்குள் கருத்தால் டைல் குடிக்கிறது, சீலர் தேவை. உள்ளே இறங்கும் சீலர் பெரும்பாலும் நிறத்தை மாற்றாது. நிறம் தூக்கும் வகையும் எண்ணெயும் தரையை ஈரம்பட்டது போல இருட்டாக்கும். ஈரத்துணியால் ஒரு டைலைத் துடைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த நிறம்தான் நிரந்தரமாகும். அதை முடிவு செய்யாமல் சுவருக்கு நிறம் பார்த்தால், இல்லாத தரைக்குப் பொருத்தம் பார்த்த மாதிரி.

சாம்பல் கிரவுட் ஆரஞ்சின் பக்கத்தில் நீலம் தட்டி, தரையைக் கட்டம் கட்டமாக வெட்டிக் காட்டும். மணல் நிற கிரவுட் கலரன்ட் பூசலாம். ஆனால் சீலர் குடித்த கிரவுட்டில் அது ஒட்டாது. சீலர் இல்லாத டைலில் பட்டால் போகாது. ஆகவே முதலில் சின்ன பிரஷ்ஷால் டைல் மேல் மட்டும் சீலர், காய்ந்தபின் கிரவுட்டில் கலரன்ட், கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோட்டு சீலர்.

வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். ஆசிட், வினிகர் பக்கமே போக வேண்டாம், கிரவுட்டை அரித்துவிடும்.

மாடிவீடு:
தண்ணீர் விட்டுப் பார்த்தேன், 2 நிமிடத்தில் கருத்துவிட்டது. நிறம் மாறாத சீலரே போதும். விளக்கும் சோபாவும்?

பதில் (மரத்தூள்):
விளக்கு 3000 கெல்வின் (எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சளாகும், கூடினால் நீலவெள்ளையாகும்), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90க்கு மேல். 2700 தரையை இன்னும் சிவக்க வைக்கும், 6500 அதைச் சேறாக்கும்.

சோபாவுக்குப் பாலிஷ் மாற்ற வேண்டாம். மரமும் தரையும் ஒரே ஆரஞ்சு, நடுவில் எல்லை இல்லை, அவ்வளவுதான். வெளிர் மணல் நிற விரிப்பைப் போடுங்கள், சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கட்டும். இரு பக்கமும் அரை அடி வெளியே தெரிய வேண்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பு கூடாது. அடியில் ஈரம் அடைபட்டு டைலில் திட்டு விழும்.

ஸ்கர்ட்டிங்கை, அதாவது தரையை ஒட்டிய சுவரடிப் பட்டையை, சுவர் நிறத்திலேயே அடித்துவிடுங்கள்.

கொத்துக்கரண்டி:
ஸ்கர்ட்டிங் விஷயத்தில் ஒப்பமாட்டேன். மாப் போடும் தரை, வெளிர் நிறம் ஆறு மாதத்தில் கறையாகும். அதே டைலில் 4 அங்குலம் ஏற்றுங்கள்.