'செட்' என்ற சொல்லை எங்கே தொடங்கிச் சொல்லித் தருவது?

வேலந்தாவளம் டியூஷன்:
பாலக்காடு எல்லையில் தமிழ் மீடியம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பு 'செட்' என்ற சொல்லுக்கு 430 பொருள் தருகிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பம்பு செட், செட் தோசை, செட் முண்டு, 'எனக்கு செட் ஆகாது', அவ்வளவுதான். பாடத்தில் 'தி சன் செட்ஸ்', 'செட் ஃபயர்', 'மான்சூன் செட்ஸ் இன்' என்று வந்தால் திகைத்துவிடுகிறார்கள். மனப்பாடம் நிற்பதில்லை. வேறு வழி சொல்லுங்கள்.

சித்தூர் மாஷ்:
டீச்சர், முதலில் போர்டில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இவை வேறு வேறு வேரிலிருந்து வந்து, ஒரே எழுத்தில் நிற்கும் இரண்டு சொற்கள்.

ஒன்று பெயர்ச்சொல், தொகுதி என்ற பொருளில். லத்தீன் 'செக்டா' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. கணக்குப் பாடத்துக் கணம், டென்னிஸ் செட், முண்டும் நேரியதும் சேர்ந்த செட் முண்டு எல்லாம் இந்தப் பக்கம். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

மற்றது வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'சிட்' என்பதன் பிறவினை இது. நம்மிடம் இரு, இருத்து, மலையாளத்தில் இரிக்குக, இருத்துக, அதே உறவுதான். கிட, கிடத்து என்பது லை, லே. எழு, எழுப்பு என்பது ரைஸ், ரெய்ஸ். வீழ், வீழ்த்து என்பது ஃபால், ஃபெல். இரண்டு மொழியும் தெரிந்த எல்லைப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து 'வை' என்ற சொல்லைக் கையில் கொடுங்கள். தீ வை, பொறி வை, விலை வை, பரீட்சைக்குத் தேதி வை, அலாரம் வை: ஐந்துக்கும் ஆங்கிலத்தில் செட்தான். தப்பு நடப்பதும் இங்கேதான். 'வை' என்றதும் பிள்ளைகள் 'கீப்' போட்டுவிடுவார்கள், 'டீச்சர் கெப்ட் எ டெஸ்ட்' என்று. கீப் என்றால் வைத்திரு. வைத்துவிட்டுக் கையை எடுத்தால் புட் அல்லது செட். இந்த 'இரு' ஒட்டுகிறதா என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இறந்தகாலத்திலும் செட்தான், 'செட்டெட்' கிடையாது. 'ஹி செட் தி கிளாக்' என்று கடைசியில் 'ஸ்' இல்லாமல் வந்தால் அது நேற்று நடந்தது.

கொழிஞ்சாம்பாறை கட்டுமானம்:
மாஷ் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. யாரும் வைக்காமல் தானே ஆகிற செட். சிமெண்ட் செட் ஆகுதுன்னா இறுகுதுன்னு அர்த்தம். தயிர், ஜெல்லிக்கு உறையுதுன்னு சொல்லலாம்.

இறுகுறது வேற, பலம் வர்றது வேற. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்திய நிர்ணயப்படி முதல் இறுக்கம் 30 நிமிஷத்துக்கு முன்னாடி வரக்கூடாது, கடைசி இறுக்கம் 600 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. கான்கிரீட்டோட பலத்தைக் கணக்குப் பார்க்கிறது 28 நாள்ல. காலால மிதிச்சா பதியலை, செட் ஆயிருச்சுன்னு தண்ணி விடறதை நிறுத்தினா மேற்பரப்பு வெடிக்கும். குறைஞ்சது 7 நாள் ஈரம் காயக்கூடாது. இறுக ஆரம்பிச்ச கலவையில மறுபடி தண்ணி ஊத்திக் கிளறினா பலமே போயிடும்.

ரம்பத்துக்கும் செட் உண்டு. பல்லை ஒண்ணு விட்டு ஒண்ணு இடமும் வலமுமா லேசாச் சாய்க்கிறது. அப்பத்தான் வெட்டுத்தடம் தகட்டை விட அகலமா விழும். இல்லைன்னா தகடு மரத்துல இறுகிப் பிடிச்சுக்கும். பழைய ரம்பம் ஒண்ணை வகுப்புக்குக் கொண்டுபோய், பல்லை மேலிருந்து நீளவாக்குல பார்க்கச் சொல்லுங்க டீச்சர். ரெண்டு வரிசையாத் தெரியும்.

பத்திரம் படிப்பவர்:
'செட்'டோடு இன்னொரு சொல் ஒட்டும்போது வை, இருத்து எதுவும் உதவாது. தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். 'செட் அசைட்' ஒன்றே போதும் உதாரணத்துக்கு. பணத்தை செட் அசைட் செய்தால் ஒதுக்கி வைப்பது. மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை செட் அசைட் செய்தால் அது ரத்து. ஒத்திவைத்ததாக நினைத்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. வங்கித் தாளில் 'செட் ஆஃப்' என்றால் ஒரு கணக்கின் பாக்கியை இன்னொரு கணக்கில் இருப்பதிலிருந்து கழித்துக்கொள்வது. பயணத்தில் அதே சொல் கிளம்புவது. பட்டாசோடு வந்தால் வெடிப்பது.

'செட் இன்' என்பது வந்து நிலைகொள்வது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதற்கு முன் ஒரு நாள் கோடை மழை கொட்டினால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

வேலந்தாவளம் டியூஷன்:
ரொம்ப நன்றி. சூரியனை மட்டும் எந்தப் பக்கம் எழுதட்டும்?

சித்தூர் மாஷ்:
வினைச்சொல் பக்கம், மேஸ்திரியின் சிமெண்டுக்குக் கீழே. அதுவும் தானே நடப்பது. 'பொழுது அடைஞ்சாச்சு' என்கிறோமே, கோழி கூட்டில் அடைவதற்கும் அதே சொல்தானே? அப்படிச் சொல்லிக் கொடுங்கள். 'செட்'டுக்கு முன் 'தி சன்' இருந்தால் பின்னால் 'எதை' என்ற கேள்விக்குப் பதில் வராது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.