மூலனூர் பெரிய வீடு (குழு)

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை உப்புச்சக்கரை நிச்சயத்துக்குப் பெரியப்பா வருவது சந்தேகம்தான். கால் பெருவிரல் சிவந்து வீங்கிக் கிடக்கிறது, போர்வை பட்டாலே கத்துகிறார்

மணி சித்தப்பா: போன வாரக் கெடா விருந்து

சுமதி அத்தை: அதற்கு எங்களைக் கூப்பிடவே இல்லை

மணி சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

பெரியம்மா: விருந்தெல்லாம் காரணமில்லை. யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் 100 என்று மூன்று வாரமாகப் புது மாத்திரை. அதனால்தான் வலி என்று நேற்று நிறுத்திவிட்டார்

கவிதா: ஐயோ பெரியம்மா, அவராக நிறுத்தக் கூடாது. அது வலி மாத்திரை இல்லை, யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே இறக்குவதற்கு. இறங்க ஆரம்பித்ததும் மூட்டில் படிந்திருக்கிற உப்பு கரையும், முதல் சில மாதம் இப்படி வலி கிளம்பலாம், அதற்குத்தான் கூடவே கோல்சிசின் தருவார்கள். ஆனால் உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தடிப்பு இருக்கிறதா?

பெரியம்மா: இல்லை. கோல்சிசினை வயிற்றால் போகிறது என்று முதல் வாரமே விட்டுவிட்டார்

கவிதா: அப்படிச் சொல்லுங்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார். இன்றைக்கே போன் போடுங்கள்

மணி சித்தப்பா: கோல்சிசின் நம் கண்வலி (செங்காந்தள்) விதையில் எடுப்பதுதானே. தோட்டத்தில் இல்லாததா, இரண்டு விதை வாயில் போட்டால் தீர்ந்தது அண்ணி

கவிதா: சித்தப்பா, அது விஷம். மாட்டைக்கூட அந்தப் பக்கம் விட மாட்டீர்களே. மாத்திரையில் 0.5 மில்லிகிராம்தான் இருக்கும், விதையில் எவ்வளவு என்று யார் அளந்தது?

ரவி: விதை இப்போது கிலோ என்ன விலை

மணி சித்தப்பா: கேட்காதே. ஏஜென்ட் சொல்வதுதான் விலை

சுமதி அத்தை: அந்தத் தோட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் என்று அப்பா சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா

மணி சித்தப்பா: 🙏

கவிதா: பெரியம்மா, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஏதாவது கடையில் வாங்கிப் போடுகிறாரா? போன வருடமே ரத்தத்தில் கிரியாட்டினின் 1.6 என்று கூடியிருந்தது, சிறுநீரகத்துக்கு அது ஆகவே ஆகாது. பிரஷர் மாத்திரை அட்டையையும் அனுப்புங்கள், சிலவற்றில் யூரிக் அமிலத்தை ஏற்றும் மருந்து சேர்ந்திருக்கும்

பெரியம்மா: (படம்)

கவிதா: பெயர் இருக்கிற பக்கமாகவே கிழித்துக் கிழித்துச் சாப்பிட்டிருக்கிறார்

ரவி: ஞாயிறு பெரியப்பா யார் காரில்?

மணி சித்தப்பா: என் வண்டி. முன் சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம்

சுமதி அத்தை: அப்போது நாங்கள்?

பெரியப்பா: என் வயிற்றால் போவதையெல்லாம் குழுவில் போடச் சொன்னது யார்

பெரியம்மா: எழுந்துவிட்டார்

ரவி: கார்?