புது ரைடர்: அமைச்சு ஏன் நடுவில் வருகிறது?

சிலேத்தார் செல்வம்:
மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவக் காப்புறுதி எடுத்துவிடலாம் என்று முகவரைக் காப்பிக்கடைக்கு வரச் சொன்னேன். ரைடர் என்றால் அந்தக் காப்புறுதி கட்டாமல் விடும் பங்கை ஏற்கிற கூடுதல் காப்புறுதி. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் உத்தரவுப்படி, ஏப்ரல் 2026 முதல் விற்கும் புது ரைடரில் இரண்டு விதி மாறியிருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் முதல் 3,500 வெள்ளியை நாமேதான் கட்ட வேண்டும், ரைடர் அதை ஏற்கக்கூடாது. மீதியில் 5 விழுக்காடு நம் பங்கு. அந்தப் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு 3,000 வெள்ளியாக இருந்தது, இப்போது 6,000. முகவர் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார்: 40,000 வெள்ளி பில் வந்தால் நம் கையிலிருந்து 5,325. 2019-இல் வந்த ரைடர் என்றால் மொத்த பில்லில் 5 விழுக்காடு, 2,000தான்.

விற்க நிறுவனம் தயார், வாங்க நான் தயார். நடுவில் சுகாதார அமைச்சுக்கு என்ன வேலை? நான் ஏர்கான் சர்வீஸ் செய்கிறேன். போனிலேயே விலை சொல்லிவிடுவேன். கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த புளோக்கில் இன்னொருவன் இருக்கிறான். எனக்கு எந்த அமைச்சும் விலை வைக்கவில்லை, என் விலையும் வானத்துக்கு ஏறவில்லை.

ஈசூன் ராணி:
அண்ணே, தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது வருடம் பில் கவுண்டரில் இருந்தவள் நான். எது என்று கேட்காதீர்கள். அங்கே உடம்புக்கு என்ன என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "ரைடர் இருக்கா?"

ஓர் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மறுநாளே கைப்பையும் செருப்புமாகத் தயாராக நடந்து கொண்டிருந்தார். டாக்டரும் போகலாம் என்றுவிட்டார். பில்லை எடுத்துக்கொண்டு போனால், "நாளைக்குப் போறேன்மா, வீட்டுக்குப் போனா இன்னைக்கே சமைக்கணும்" என்றார். பழைய முழு ரைடர், அவருக்கு ஒரு காசு செலவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த ஒரு நாள் அறைக் கட்டணம் அடுத்த வருடம் யாரோ ஒருவருடைய சந்தாவில் ஏறும். 2018-இல் முழு ரைடரை நிறுத்தச் சொன்னபோதும் இதே சண்டைதான் நடந்தது.

உங்கள் வாடிக்கையாளர் பில்லை வேறு ஆள் கட்டுவதாக இருந்தால், கேஸ் நிரப்புகிற இடத்தில் கம்ப்ரசரையே மாற்றச் சொல்ல மாட்டீர்களா?

சிலேத்தார் செல்வம்:
கம்ப்ரசரில் பிடித்துவிட்டீர்கள், சரி. சொல்வேன்தான். ஆனால் முழு ரைடரை விற்று நஷ்டப்பட்டது நிறுவனங்கள். அவர்களே பட்டுத் தெரிந்துகொண்டு சந்தாவை ஏற்றியிருப்பார்கள், நாங்களே குறைந்த ரைடருக்கு இறங்கியிருப்போம். அதற்கு ஓர் உத்தரவு வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. விலை ஏறினால் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் 160 இருந்தன. 2020 தொடக்கத்தில் 103 ஆக வெட்டினார்கள். டாக்டர்கள் வரும் வாசலைப் பாதி சாத்தியதும் இவர்கள், கூட்டம் அதிகம் என்று என் ரைடரில் கை வைப்பதும் இவர்களா?

தோ பாயோ தாத்தா:
எனக்கு எழுபது தாண்டிவிட்டது, 1950களில் பிறந்தவர்களுக்கு அரசாங்கம் தந்த மெர்டேக்கா தலைமுறை அட்டைக்காரன். இரண்டு பேரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள்.

1984-இல் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வந்தபோது நான் கப்பல் பட்டறையில் வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு மசேநிக்குள் (மத்திய சேம நிதி) போய்த் தனியாகப் பூட்டிக்கொண்டது. என் பணம், என் பெயரில், ஆனால் பாக்கெட்டில் இல்லை. அமெரிக்காவில் சந்தைக் கட்சிக்காரர்கள் இதைத்தான் கொண்டாடுவார்கள்: தன் பணம் என்றால் ஆள் யோசித்துச் செலவழிப்பான் என்று. பூட்டுப் போட்டது அரசாங்கம் என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள். படுக்கைகளில் பெரும்பகுதி அரசாங்க மருத்துவமனைகளில் இருப்பதையும்தான். 1990-இல் பெரிய பில்லுக்கான காப்புறுதி மெடிஷீல்டு, 1993-இல் கட்ட முடியாதவர்களுக்கான உதவி நிதி மெடிஃபண்ட் வந்தன. அதே 1993-இல் வெள்ளை அறிக்கையில் அரசாங்கமே எழுதியது: சந்தையை மட்டும் நம்பினால் மருத்துவச் செலவு அடங்காது, தேவையான இடத்தில் தலையிடுவோம் என்று. இன்று நேற்று வந்த கொள்கை இல்லை தம்பி.

ஆனால் செல்வத்துக்கும் ஒரு வாய்ப்புத் தருகிறேன். மருத்துவச் சங்கம் 1987-இல் டாக்டர் கட்டணத்துக்கு ஒரு வழிகாட்டி போட்டது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை கேட்கலாம் என்று அதில் இருக்கும். 2007-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? விற்பவர்கள் கூடி விலை வைக்கக்கூடாது என்கிற போட்டிச் சட்டத்துக்கு இடிக்கும் என்ற பயம். சந்தையைக் காக்க வந்த சட்டத்தால் விலைப்பட்டியல் போயிற்று! அப்புறம் 2018-இல் அமைச்சே கட்டண அளவுகோல் என்று வேறு பெயரில் வெளியிட்டது. நடுவில் பதினொரு வருடம்.

சிலேத்தார் செல்வம்:
தாத்தா, நீங்கள் தந்தது எனக்கு வாய்ப்பா, ஆப்பா? பட்டியல் இருப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. விலையை வெளியே போடுங்கள், நாங்கள் ஒப்பிட்டுக்கொள்கிறோம். அதுதானே சந்தை.

ஈசூன் ராணி:
ஒப்பிட நேரம் இருந்தால்தானே அண்ணே? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதர் மூன்று இடத்தில் விலை கேட்பாரா? பணம் இருக்கிறவர்களுக்கும் இதே கதிதான். புருணை அரச குடும்பத்து நோயாளி ஒருவருக்கு, 2007-இல் சில மாதச் சிகிச்சைக்கு இங்குள்ள அறுவை மருத்துவர் ஒருவர் சுமார் 24 மில்லியன் வெள்ளி பில் போட்ட வழக்கு நினைவிருக்கிறதா? 2013-இல் நீதிமன்றம் சொன்னது, நோயாளி ஒப்புக்கொண்டாலும் சரி, நியாயமான கட்டணம் வாங்குவது டாக்டரின் தொழில் தர்மம் என்று. உங்கள் கணக்கில் அதுவும் விற்கத் தயார், வாங்கத் தயார்தான்.

டாக்டர் எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் டாக்டர் கூடினால் ஸ்கேனும் கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

துவாஸ் குமரன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் வொர்க் பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளி. மெடிசேவும் இல்லை, ரைடரும் இல்லை, மானிய வார்டும் இல்லை. முதலாளி எடுக்கிற காப்புறுதி ஒன்றுதான். ஜூலை 2023 வரை அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளி, பிறகு 60,000 ஆனது. சட்டம் போட்டதால் ஆனது. சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் என் முதலாளி எவ்வளவுக்கு எடுத்திருப்பார் என்று செல்வம் அண்ணன் சொல்லட்டும். அவரும் ஆள் வைத்திருக்கிறாரே.

சிலேத்தார் செல்வம்:
குமரா, உள்ளதைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். சட்டம் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வெள்ளி நான் கட்டவில்லை.

ராணி, ஒன்று கேட்க வேண்டும். முட்டியில் ஒரு வலி, ஸ்கோப் (உள்ளே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) போட வேண்டும் என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாரில் செய்தால் அந்த அளவுகோலை எப்படிப் பார்ப்பது?

ஈசூன் ராணி:
ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் அமைச்சின் அட்டவணையில் ஒரு குறியீட்டு எண் உண்டு. கிளினிக்கில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அமைச்சின் இணையப்பக்கத்தில் போட்டால் டாக்டர் கட்டணம் எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்று வரும். மயக்க மருந்து டாக்டருக்குத் தனி. அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

சிலேத்தார் செல்வம்:
காலையில் மூன்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். ஒருவரும் எண்ணும் சொல்லவில்லை, விலையும் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்த பிறகுதானாம். பார்க்க எவ்வளவு என்றதும் மூன்று பேரும் டக்கென்று சொன்னார்கள்: 160, 180, 200.

தோ பாயோ தாத்தா:
160-க்காரனைப் போய்ப் பார், தம்பி. அடுத்த புளோக்குதானே?