8 அங்குல கேக்கை 6 அங்குல டின்னுக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம். அமெரிக்கக் குறிப்பு ஒன்று: மைதா 1½ கப், அழுத்தி நிரப்பிய பிரவுன் சுகர் 1 கப், முட்டை 3, பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன். இதை 6 அங்குல வட்ட டின்னுக்குக் குறைக்கிறேன். உயரம் ஒன்றே என்பதால் விட்டங்களின் வர்க்கத்தை, அதாவது 36ஐ (6×6) 64ஆல் (8×8) வகுத்து, எல்லாவற்றையும் 0.56ஆல் பெருக்கினேன்.

மைதாவில் சந்தேகமில்லை. கரண்டியால் கப்பில் போட்டு வழித்தால் 120 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 140–150 வரை போகும், கேக் வறண்டுவிடும். ஆகவே 180 கிராம் என்று வைத்து 101 எடுக்கிறேன். முட்டை 1.7 வருகிறது. ஓடு நீக்கி ஒன்று 50 கிராம் என்று கொண்டு, இரண்டை அடித்துக் கலக்கி 84 கிராம் நிறுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் சர்க்கரையில்தான். பிரவுன் சுகர் கப்புக்குச் சுமார் 215 கிராம். அதற்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடுபவர்கள் அதே எடைக்குப் போடுகிறீர்களா? ஈரப்பதம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுகிறதே, பால் கூட்ட வேண்டுமா? எடைபோட்டுச் செய்தவர்கள் கிராமிலேயே சொல்லுங்கள். கப் கணக்கு வேண்டாம், கடைக் கப்புகளில் 240 மில்லியும் உண்டு, 250 மில்லியும் உண்டு.

இன்னொன்று: 180 டிகிரியில் 8 அங்குலத்துக்கு 35 நிமிடம் என்றால், இதை எத்தனையாவது நிமிடத்தில் குச்சி விட்டுப் பார்க்கலாம்?