பூனைக்கு ஈறு வீக்கம்: ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் வெள்ளச்சிக்கு ஏழு வயது. கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறு சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிகிறது. கருவாட்டைக்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். டாக்டர் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். நிறுத்தியதும் வாய் நாற்றம் திரும்பிவிட்டது. வேறு மருந்து கேட்கலாமா?

பதில்: மருந்தை மாற்றுவதால் மட்டும் தீராதுங்க. பல்லில் காரை இருக்கும்வரை ஈறுக்கு அடியில் கிருமி மறுபடி சேரும். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்து, எக்ஸ்ரே பார்த்து, கெட்ட பல் இருந்தால் பிடுங்க வேண்டும். எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) சோதனையும் கேளுங்கள்.

இன்னொரு பதில்: மாத்திரையை வெறுமனே விழுங்க வைக்காதீர்கள். கிளிண்டாமைசின், டாக்ஸிசைக்ளின் (இன்னொரு ஆன்டிபயாடிக்) இரண்டுமே உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

கேட்டவர்: சரிங்க. மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டுமா?

பதில்: இந்த வயதில் கட்டாயம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.